மூளையின் குருதிப் பாதையைக் கண்டவர்

மட்டாஞ்சேரிக்குச் செல்லும் நம் மாணவ நண்பர்கள் அங்குள்ள அரண்மனையைப் பாராமல் திரும்புவதில்லை. 1555ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் அதனைக் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அளித்தனர். நூறாண்டு கழித்து வந்த டச்சுக்காரர் அதனைப் பழுதுபார்த்தனர். பெயர் மட்டும் டச்சு அரண்மனை என்றே நிலைத்துவிட்டது! கட்டியவர் ஒருவர், பெயர் கொண்டவர் மற்றொருவர்.

அங்கிருந்து சிறிது தொலைவில், கோட்டைக் கொச்சியில், புனித பிரான்சிஸ் தேவாலயம் இருக்கிறது. 1524ஆம் ஆண்டு இந்நகரில் உயிர் நீத்த வாஸ்கோட காமாவை முதலில் அடக்கம் செய்த இடம் அது. பின்னர் அவருடைய எலும்புகள் தாயகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. கல் மட்டும் இங்கே கிடக்கிறது. அந்தக் காமாவின் கடற்பயணத்தைப் பொருளாக வைத்துக் காமோயன்ஸ் என்னும் கவிஞர் பாடிய லூசியாதஸ் என்னும் காவியம் 1572ஆம் ஆண்டு வெளிவந்தது. போர்ச்சுகல் நாட்டின் பழைய வீரர் பலருடைய கதைகளும் அதில் இடையிடையே வருகின்றன. அவற்றுள் ஒன்று எகாஸ் மோனிஸ் என்னும் பிரபுவின் கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் லியோன் நாட்டரசன் இளவரசன் அபோன்சோவை முற்றுகையிட்டபோது, இளவரசன் பணிவான் என்று வாக்குக் கொடுத்து முற்றுகையை விலக்கினாராம் இந்தப் பிரபு. இளவரசனோ அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. உடனே எகாஸ் மோனிஸ் தம் கழுத்திலும் மனைவி மக்கள் கழுத்திலும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலுடன் சென்று அரசன் முன் நின்று, பொய்த்த வாக்குக்கு விலையாகத் தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினார். அரசன் மன்னித்து அனுப்பினான் என்பது கதை.

இக்கட்டுரை அந்தப் பிரபுவைப் பற்றியதன்று. அவர் பெயரைத் தாங்கிய ஒரு மருத்துவரைப் பற்றியது. உயிரோடு இருக்கும் மனிதனின் மூளைக்குள் ஓடும் இரத்தக் குழாய்களை முதன்முதலாகப் படம் பிடித்துக் காட்டியவர் அவர். கொச்சியிலோ சென்னையிலோ மதுரையிலோ இன்று ஒருவருடைய மூளைக் குழாயில் ஏற்பட்ட அடைப்பையோ வீக்கத்தையோ மருத்துவர்கள் மண்டை ஓட்டைத் திறவாமலே சீர்செய்கிறார்கள் என்றால், அவர்கள் நடக்கும் பாதையின் முதல் கல்லை இட்டவர் அவரே.

போர்ச்சுகலின் வடபகுதியில் அவான்கா என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் அந்தோனியோ கயெத்தானோ. பாதிரியாராக இருந்த உறவினர் ஒருவர்தாம், தம் குடும்பம் அந்தப் பழைய பிரபுவின் வழிவந்தது என்ற நம்பிக்கையால், எகாஸ் மோனிஸ் என்னும் பெயரையும் சேர்த்து வைத்தார். கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1899ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பிறகு பிரான்சு நாட்டுக்குச் சென்று, நரம்பு நோய்த் துறையில் அக்காலத்தே பெரும்புகழ் பெற்றிருந்த பாபின்ஸ்கி, பியேர் மரீ முதலியோரிடம் கற்றார். பாபின்ஸ்கியின் நட்பு அவருக்குக் கடைசி வரை துணையாக நின்றது.

இருபத்து நான்கு வயதிலேயே கீல்வாதம் அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டது. விரல்கள் வீங்கின, நாளடைவில் கோணின. கத்தி பிடிப்பது இருக்கட்டும், நுண்மையான ஊசி ஒன்றைச் செலுத்துவதும் அவரால் இயலாததாயிற்று. பின்னால் அவர் செய்த காரியங்களை நினைக்கும்போது இந்தச் செய்தியை மறந்துவிடக் கூடாது.

1911ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் புதிதாக அமைந்த பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியரானார். ஆயினும் அந்நாளில் அவரை நாட்டார் அறிந்தது மருத்துவராக அன்று, அரசியல்வாதியாகவே. பாராளுமன்ற உறுப்பினர், முடியாட்சியை எதிர்த்த கிளர்ச்சியில் பங்கு கொண்டு 1908ஆம் ஆண்டு சிறை சென்றவர், 1917ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுக்குத் தூதர், அடுத்த ஆண்டு வெளிநாட்டு அமைச்சர், முதல் உலகப் போர் முடிந்ததும் பாரிஸ் சமாதான மாநாட்டில் தம் நாட்டுக் குழுவின் தலைவர் என்று படிப்படியாக உயர்ந்தார். குடியரசுத் தலைவர் சிடோனியோ பாயிஸ் 1918ஆம் ஆண்டு டிசம்பரில் கொலையுண்ட பிறகு நாட்டு அரசியல் கலங்கியது. மோனிஸ் விலகிவிட்டார். நாற்பத்தைந்து வயதை எட்டிய முன்னாள் அமைச்சர் ஒருவர் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் திரும்பிப் பெரிதாக ஏதேனும் கண்டுபிடிப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் சீட்டாட்டம், ஊரில் தாத்தா காலத்து வீடு, அன்பான மனைவி எல்விரா, குழந்தைகள் இல்லை. நிம்மதியாக ஓய்வு கொள்ள அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் அவரை ஒரு கேள்வி விடவில்லை.

1895ஆம் ஆண்டு ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். எலும்பு முறிந்தால் படத்தில் தெரிந்தது. மூளையோ எலும்புப் பெட்டிக்குள் இருக்கும் மென்மையான பொருள். கதிர்கள் அதனை ஊடுருவிச் சென்றுவிடும். மண்டை ஓடு தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. மூளையில் கட்டி இருப்பதாக ஐயம் எழுந்தால், கை எப்படி அசைகிறது, கண் எந்தப் பக்கம் பார்க்க மறுக்கிறது என்பவற்றைக் கொண்டு இடத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் தவறினால், நல்ல இடத்தைத் திறந்துவிட்டு மூட வேண்டியதுதான். அமெரிக்கரான வால்டர் டேண்டி 1918ஆம் ஆண்டில் மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படம் எடுக்கும் வழியைக் கண்டார். பெரிய முன்னேற்றந்தான். ஆனால் நோயாளிக்கு அது பெருந்துன்பம், ஆபத்தும் உண்டு.

மோனிஸ் வேறு விதமாக எண்ணினார். மூளைக்குச் செல்லும் இரத்தத்தோடு கதிர்களைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கலந்துவிட்டால், குழாய்கள் அனைத்தும் படத்தில் கறுத்தோ வெளுத்தோ தெரியுமே! கட்டி வளர்ந்த இடத்தில் குழாய்கள் ஒதுக்கித் தள்ளப்பட்டிருக்கும். ஆறு வளைந்து ஓடுவதைக் கண்டு அங்கே ஒரு மேடு இருக்க வேண்டும் என்று நாம் அறிவதில்லையா? அது போலத்தான்.

எண்ணுவது எளிது. கதிர்களைத் தடுக்க வேண்டும். ஆனால் உயிரைத் தடுக்கக் கூடாது. இரத்தத்தில் கரைய வேண்டும். கட்டியாக உறையக் கூடாது. விரைவில் உடலை விட்டு நீங்கவும் வேண்டும். அணு எடை மிகுந்த பொருள்களே கதிர்களைத் தடுக்கும் என்பது தெரிந்ததே. காக்கை வலிப்பு நோயாளிகளுக்குப் புரோமைடு உப்புகளைப் பல்லாண்டுகளாகக் கொடுத்து வந்ததால், அவை அதிகத் தீங்கு செய்யமாட்டா என்று கருதி முதலில் அவற்றை எடுத்துக்கொண்டார். வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார், மூளை தெரியவில்லை. தமனிக்குள் நேராகச் செலுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று கண்டார்.

இங்கேதான் அவருடைய கோணல் விரல்களுக்குத் துணையாக இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் பெத்ரோ அல்மெய்டா லிமா; 1903ஆம் ஆண்டு பிறந்தவர்; ஆசிரியரைவிட ஏறத்தாழ முப்பது வயது இளையவர். மூளை ஆசிரியருடையது, கை மாணவருடையது என்று சொல்லலாம். அறுவையையும் ஊசியையும் லிமா ஏற்றார். வெவ்வேறு உப்புக் கரைசல்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, மண்டை ஓட்டுக்குள் வைத்து, எது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று முதலில் படமெடுத்துப் பார்த்தார்கள். பிறகு நாய்களில் சோதித்தார்கள். அதன்பின் இறந்தவர்களின் தலைகளில் கரைசலைச் செலுத்தி, நலமான மூளையில் குழாய்கள் எவ்வாறு கிளைத்துச் செல்கின்றன என்பதற்கு ஒரு வரைபடமே தயாரித்தார்கள். இந்தத் தலைகளைப் பிணவறையிலிருந்து எக்ஸ் கதிர் அறைக்குப் பேராசிரியரின் மோட்டாரிலேயே ஏற்றிச் சென்றார்களாம். நாட்டின் முன்னாள் அமைச்சர் அந்த வண்டியில் என்ன கொண்டு செல்கிறார் என்று தெருவில் வணங்கி நின்றவர்களுக்குத் தெரியாதிருந்தது நல்லதாயிற்று!

நேர்ப்பாதை தெரிந்தாலன்றிக் கோணிய பாதையை அறிய முடியாது. நலமான மூளையின் படத்தை முதலில் பொறுமையாக வரைந்துகொண்ட இந்தச் செயலையே நான் அவருடைய வாழ்வின் மிக உயர்ந்த பகுதியாகக் கருதுகிறேன். அக்காலத்தில் அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

பின்னர் உயிருள்ள நோயாளிகளிடம் வந்தார்கள். கழுத்தின் இருபுறமும் விரல் வைத்தால் துடிப்பது கரோடிட் தமனி. மூளையின் பெரும்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்வது அதுவே. தோலின் மேலிருந்து ஊசி போட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. கழுத்தைச் சிறிது அறுத்துத் தமனியை வெளிப்படுத்திச் செலுத்தினார்கள். ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு செலுத்தப்பட்டவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். மோனிஸ் அதனை மறைக்கவில்லை. ஆராய்ச்சியை நிறுத்தி, தவறு எங்கே என்று பார்த்து, அந்த மருந்தையே கைவிட்டார். புரோமினைவிட அணு எடை மிகுந்தது அயோடின். ஆகவே நூற்றுக்கு இருபத்தைந்து பங்குள்ள சோடியம் அயோடைடு கரைசலைத் தேர்ந்தெடுத்தார்.

மூளையை இரத்தம் கடந்து செல்லச் சில நொடிகளே ஆகும். மருந்து ஏறும் அந்தக் கணத்தில் படம் எடுக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் வெறும் மண்டை ஓடுதான் கிடைக்கும். 1927ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி கொண்டிருந்த இருபது வயது இளைஞன் ஒருவனுக்கு லிமா மருந்தைச் செலுத்தினார். படத்தைக் கழுவிப் பார்த்தபோது, மூளையின் தமனிகள் இலையின் நரம்புகளைப் போலத் தெரிந்தன. கட்டி அவற்றைத் தள்ளி வைத்திருந்ததும் தெரிந்தது. உயிருள்ள மனிதனின் மூளைக் குழாய்களை மனிதக் கண் கண்ட முதல் நாள் அதுதான். மோனிசுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு.

ஒன்பது நாட்களில், ஜூலை 7ஆம் நாள், அவர் பாரிஸ் நரம்பியல் கழகத்தின் முன் அப்படங்களைக் காட்டினார். பாபின்ஸ்கி உள்ளிட்ட பெரியவர்கள் பாராட்டினர். கண்டுபிடிப்போடு அவர் நின்றுவிடவும் இல்லை. அடுத்த பத்தாண்டுகள் தமனிகளையும் சிரைகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவருடைய கதிரியல் தோழர் பெரெய்ரா கல்டாஸ், படத்தட்டுகளை வரிசையாக நகர்த்தி நொடிக்கொரு படம் எடுக்கும் கருவியைச் செய்து கொடுத்தார். தமனி வழியே ஏறி, சிரை வழியே இறங்கும் இரத்தத்தின் ஓட்டத்தை அதனால் தொடர்ந்து காண முடிந்தது. 1937ஆம் ஆண்டு, கழுத்துத் தமனி அடைபட்டதனால் பக்கவாதம் உண்டான நோயாளிகளைப் பற்றி அவர் குழுவினர் எழுதினர். பக்கவாதத்துக்குக் காரணமான அடைப்பை, ஆள் உயிரோடு இருக்கும்போதே காட்ட முடியும் என்பது அதற்கு முன் எவரும் நினையாத செய்தி.

குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1931ஆம் ஆண்டு முதல் அவர் தோரோட்ராஸ்ட் என்னும் மருந்துக்கு மாறினார். அது தெளிவான படம் தந்தது. நோயாளிகளுக்கு வலியும் குறைவு. ஆனால் அதிலுள்ள தோரியம் கதிரியக்கம் கொண்டது. உடலை விட்டு நீங்காமல் கல்லீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் பலருக்குப் புற்றுநோயை உண்டாக்கிற்று. உலகெங்கும் மருத்துவர்கள் அதனைப் பயன்படுத்தியே வந்தார்கள்; பழியை ஒருவர் தலையில் சுமத்த முடியாது.

அவர் திறந்த வழியில் பின்வந்தவர்கள் வெகுதூரம் சென்றனர். 1953ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டுச் செல்டிங்கர், ஊசி வழியே கம்பியையும் கம்பி மேலே மெல்லிய குழலையும் செலுத்தும் எளிய முறையைக் கண்டார்; கழுத்தை அறுக்க வேண்டிய தேவை போயிற்று. 1960களில் பாரிஸ் நகரில் ஜிந்ஜியான் முதுகுத் தண்டின் நுண்ணிய தமனிகளையும் படமெடுத்தார். மாஸ்கோவில் செர்பினென்கோ, குழலின் நுனியில் சிறு பலூனைக் கட்டி மூளைக் குழாய்க்குள் அனுப்பினார். மே தின விழாவில் குழந்தைகள் பலூன் பறக்கவிட்டதைக் கண்டு அந்த எண்ணம் பிறந்தது என்பார்கள். தமனியின் சுவர் மெலிந்து மொட்டுப் போல வீங்குவதை அனியூரிசம் என்கிறோம். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. 1990ஆம் ஆண்டு குக்லியெல்மி அந்த மொட்டுக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பி அடைத்துக் காட்டினார். பார்ப்பதற்காக வகுத்த வழி சிகிச்சைக்கும் வழியாயிற்று. மூளை, முதுகுத்தண்டு ஆகியவற்றின் இரத்தக் குழாய்களை உள்ளிருந்தே சீர்செய்யும் தனிமருத்துவத் துறை ஒன்று இவ்வாறு தோன்றியது.

நம் நாட்டுக்கும் இந்த ஒளி விரைவிலேயே வந்தது. கோட்டயத்துக்காரரான டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949ஆம் ஆண்டு வேலூரில் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. இராமமூர்த்தி அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் அப்பணியை ஏற்றார். இந்தியரிடையே அனியூரிசம் நோய் எவ்வளவு காணப்படுகிறது என்று பல நிலையங்களின் கணக்கைத் திரட்டி, மேலை நாடுகளைவிடக் குறைவாக இருப்பதாக இராமமூர்த்தி 1969ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். குறைவா நிறைவா என்பது இருக்கட்டும். லிஸ்பன் நகரத்துப் படம் இல்லாவிட்டால் அக்கேள்வியைக் கேட்கவே வழியிருந்திராது.

இத்துடன் முடித்துவிட்டால் அழகிய வரலாறாக இருக்கும். ஆனால் அது முழு வரலாறாக இராது.

1935ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லண்டனில் நடந்த நரம்பியல் மாநாட்டுக்கு மோனிஸ் சென்றிருந்தார். அங்கே அமெரிக்கரான புல்டனும் ஜேக்கப்சனும், இரண்டு சிம்பன்சிக் குரங்குகளின் முன்மூளையை அகற்றியதைப் பற்றி விவரித்தனர். அவற்றுள் ஒன்று, முன்பெல்லாம் தவறு செய்தால் வெறிகொண்டு கத்துவது, அறுவைக்குப் பின் அமைதியாகிவிட்டதாம். மனநோய்க்கு அந்நாளில் மருந்து என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. பைத்தியக்கார விடுதிகளில் ஆயிரக்கணக்கானோர் ஆயுள் முழுதும் அடைபட்டுக் கிடந்தனர். முன்மூளைக்கும் பிற பகுதிகளுக்கும் இடையே உள்ள இழைகளைத் துண்டித்தால், விடாமல் சுற்றிச் சுற்றி வரும் நோய் எண்ணங்கள் நின்றுவிடும் என்று மோனிஸ் முடிவு செய்தார்.

மூன்றே மாதங்கள். நவம்பர் 12ஆம் நாள், ஆழ்ந்த மனச்சோர்வால் துன்புற்ற அறுபத்து மூன்று வயதுப் பெண்ணொருத்தியின் மண்டை ஓட்டில் துளையிட்டு, லிமாவின் கையால் ஆல்கஹால் செலுத்தப்பட்டது. சில நாட்களில் இழைகளை வெட்டுவதற்கென்றே ஒரு கருவியும் செய்தார்கள். அதற்கு லூகோடோம் என்றும், சிகிச்சைக்கு லூகாட்டமி என்றும் பெயரிட்டார். இருபது பேருக்கு அறுவை செய்து 1936ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவை வெளியிட்டார்: எழுவர் குணமடைந்தனர், எழுவர் தேறினர், அறுவருக்கு மாற்றமில்லை என்று. எவ்வளவு காலம் பார்த்திருந்து இதைச் சொன்னார்? பெரும்பாலோரைச் சில வாரங்களே.

கரைசல்களைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துப் பார்த்த பொறுமை எங்கே போயிற்று? நாய்களில் சோதித்து, இறந்தவர் தலையில் சோதித்து, நலமான மூளையின் வரைபடத்தை முதலில் வரைந்த அதே மனிதர்தாமா இவர்? முதற்பணியில் அவர் கண்டது படத்தில் இருந்தது; யாரும் எடுத்துப் பார்க்கலாம். இரண்டாவதில் அவர் கண்டது, நோயாளி அமைதியாகிவிட்டான் என்பது மட்டுமே. அமைதி குணமா, இழப்பா என்று யார் சொல்வது? தம் விடுதியிலிருந்து நோயாளிகளை அனுப்பி வைத்த மனநோய் மருத்துவர் சோப்ரால் சித் ஒருவர்தாம் அதைக் கேட்டார். அனுப்பியவர்கள் குறைபட்டுத் திரும்பினார்கள் என்று கண்டு, மேற்கொண்டு அனுப்ப மறுத்துவிட்டார். அவருடைய குரலை அன்று உலகம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் வால்டர் பிரீமன் இச்சிகிச்சையை லோபாட்டமி என்னும் பெயரால் பரப்பினார். 1946ஆம் ஆண்டு முதல் கண்குழி வழியே இரும்பூசியைச் செலுத்திச் சில நிமிடங்களில் முடிக்கும் முறையையும் கையாண்டார். பல்லாயிரவர் அதற்கு ஆளாயினர். பின்னால் குடியரசுத் தலைவரான கென்னடியின் சகோதரி ரோஸ்மேரி, 1941ஆம் ஆண்டு நடந்த அறுவைக்குப் பின் பேச்சும் நடையும் குன்றி வாழ்நாளெல்லாம் பிறர் துணையில் கழித்தார். சோவியத் நாடு 1950ஆம் ஆண்டு இச்சிகிச்சையைத் தடை செய்தது. குளோர்புரோமசின் என்னும் மருந்து 1950களின் நடுவில் பரவியதும், பிற நாடுகளிலும் அது மெல்ல மெல்ல மறைந்தது. பிரீமன் செய்ததற்கெல்லாம் மோனிஸ் பொறுப்பாளி ஆகார் என்பார் உண்டு. உண்மைதான். ஆனால் கொடுத்த வாக்குப் பொய்த்தபோது கழுத்தில் கயிற்றோடு சென்று நின்றவரின் பெயரைத் தாங்கியவர், தாம் சொன்ன குணம் நிலைத்ததா என்று திரும்பிச் சென்று அந்த இருபது பேரையும் பல்லாண்டு தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். அதை அவர் செய்யவில்லை.

1939ஆம் ஆண்டு மனநோயாளி ஒருவன் மருத்துவ அறையிலேயே அவரைத் துப்பாக்கியால் சுட்டான். பல குண்டுகள் பாய்ந்தும் உயிர் பிழைத்தார். லூகாட்டமி செய்யப்பட்டவனே பழிவாங்கினான் என்று கதை கட்டுவோர் இன்றும் உள்ளனர். அவனுக்கு அச்சிகிச்சை செய்யப்படவே இல்லை. 1944ஆம் ஆண்டு பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

மூளைக் குழாய்ப் படத்துக்காக அவர் பெயர் 1928லும் 1933லும் நோபெல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. 1949ஆம் ஆண்டு, ஸ்விட்சர்லாந்து நாட்டு வால்டர் ஹெஸ் என்பவரோடு பகிர்ந்து, அப்பரிசு அவருக்கு வந்தது. போர்ச்சுகலுக்கு வந்த முதல் நோபெல் பரிசு அதுவே. ஆனால் எதற்காக? லூகாட்டமிக்காக! மட்டாஞ்சேரி அரண்மனையின் பெயர்க் கதைதான் இங்கும். பிற்காலத்தில், அறுவையால் பாழானவர்களின் உறவினர் அப்பரிசைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டனர். நோபெல் குழுவினர் இசையவில்லை.

1955ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், எண்பத்தோராம் வயதில், லிஸ்பன் நகரில் அவர் காலமானார். அவான்காவில் அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சிச்சாலையாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வெளியான பத்தாயிரம் எஸ்குடோ நோட்டில் அவர் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. பின்னர் அந்த நோட்டும் போயிற்று. கரோடிட் தமனி மண்டை ஓட்டுக்குள் நுழைந்ததும் இரட்டை வளைவாக வளைந்து செல்லும். தம் முதற்படங்களில் அவ்வளைவைக் கண்ட மோனிஸ், அதற்குச் சைபன் என்று பெயரிட்டார். குழல் செலுத்தும் மருத்துவர்கள் திரையில் அவ்விடம் வரும்போது இன்றும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்.